தொண்ணூத்தாறு மார்க்கு வாங்கின வீடு

வாங்க மேடம், குனிஞ்சு வாங்க, நிலை இடிக்கும். வாரவுக எல்லாரும் ஒரு தடவ இடிச்சுட்டுத்தான் உள்ள வாராவ. போன வாரம் டீச்சருக்கு நெத்தி பொடச்சுப் போச்சு. அந்தப் பாய்ல உக்காருங்க. நாற்காலி கிடையாது. நாற்காலி இல்லாததுக்கும் மார்க்கு உண்டா மேடம்? சும்மா கேட்டேன்.

ஸ்கூல் வேன் ரயில்வே கேட்டுல நிக்கி. இப்பத்தான் டீச்சர் கீழ்வீட்டுக்காரி போனுல கூப்பிட்டாவ. "நடுவர் மேடம் ஆட்டோவுல முன்னாடியே வந்துட்டாவளாம். நாங்க வார வரைக்கும் ஒண்ணும் பேசாதீங்க, தண்ணி மட்டும் குடுங்க"ன்னாவ. இந்தா தண்ணி, பானைத் தண்ணி, குடிங்க. பேச்சையும் நான் குடுக்கத்தான் செய்வேன். கூட்ஸ் வண்டி போயி முடியறதுக்கு இருபது நிமிசம் ஆகும், நான் சொல்ல வேண்டியதுக்கு அது போதும்.

எம்பேரு முப்பிடாதி. ஒங்க பேப்பர்லயே இருக்கும். பீடி சுத்துதேன். வீட்டுக்காரரு போயி ஆறு வருசம் ஆச்சு, மவன் திருப்பூர்ல இருக்கான், நான் ஒத்தையில இருக்கேன். டீச்சர் எனக்கு நாலு வாக்கியம் எழுதிக் குடுத்துருக்காவ, நீங்க கேட்டா சொல்லணுமாம். முத வாக்கியம் என்ன தெரியுமா? "மின்சாரம் இல்லாமலே நான் நிறைவாக வாழ்கிறேன்." மத்த மூணையும் நான் மனப்பாடம் பண்ணல. முத வாக்கியத்துலயே எனக்கு எரிச்சல் வந்துட்டு.

நிறைவாமே! இந்தத் தகரத்த அண்ணாந்து பாருங்க. பங்குனி வெயிலு. ஒங்க சேலை முதுகுல ஒட்டிட்டு பாருங்க, வந்து அஞ்சு நிமிசம் ஆகல. வெளிய வேப்பமரத்தடியில உக்காரலாம்னு சொல்லுவேன், ஆனா நீங்க வீட்டத்தான பாக்க வந்தீய. வீடு இப்படித்தான் இருக்கும். பாருங்க.

மொதல்ல இருந்து சொல்லுதேன். போன ஆடி மாசம், காத்தடிச்சுக்கிட்டு இருந்த நேரம், மூணு பிள்ளைய வந்துச்சு. டவுன்ல இருக்க அந்தப் பெரிய ஸ்கூலு. பச்சைத் தொப்பி, கையில அட்டை, அதுல கிளிப்பு போட்ட பேப்பரு. முன்னால நின்ன பிள்ள பேரு நஸ்ரின். ஒம்பதாவது படிக்கி. கண்ணாடி போட்டுருக்கும். "ஆன்ட்டி, நாங்க சுற்றுச்சூழல் மன்றத்துல இருந்து வாரோம். ஒரு நாப்பது கேள்வி இருக்கு, உண்மையான பதிலச் சொல்லணும்"னு சொல்லிச்சு.

இந்தக் கால்வாய்க்கரையில அட்டையும் பேப்பருமா யாரு வந்தாலும் நாங்க என்ன சொல்லுவோம்? இல்லன்னு சொல்லுவோம். எது கேட்டாலும் இல்ல. இருக்குன்னு சொன்னா லிஸ்டுல பேரு போயிரும் மேடம். மேலத்தெரு செவத்தியம்மா, அப்பாவி, வீட்டுல டிவி இருக்குன்னு வாயத் தொறந்து சொல்லிட்டா. அந்த வருசம் மழைக்குச் சுவரு விழுந்தவங்களுக்கெல்லாம் உதவி வந்துச்சு, அவளுக்கு வரல. அதுக்கும் டிவிக்கும் சம்பந்தம் உண்டோ இல்லையோ, நாங்க அன்னைக்கே பாடம் படிச்சுக்கிட்டோம். இந்தப் பிள்ளைய வரப்போவுதுன்னு கீழ்வீட்டுல இருந்து சத்தம் கேட்டதும், கேஸ் சிலிண்டரையும் அடுப்பையும் கட்டிலுக்கு அடியில தள்ளி மேல ஒரு பழைய சேலையப் போட்டு மூடிட்டேன். செல்போன அரிசிப் பானைக்குள்ள போட்டேன். அப்புறம்தான் கதவத் தொறந்தேன்.

"ஏசி இருக்கா ஆன்ட்டி?" இல்ல. "ஃபேன்?" இல்ல. "ஃப்ரிட்ஜ்?" இல்ல. "வாஷிங் மெஷின்?" இல்ல. "கார், பைக்?" இல்ல. "விமானத்துல போயிருக்கீங்களா?" அதக் கேக்கும்போது அந்தப் பிள்ளைக்கே சிரிப்பு வந்துட்டு. "கேஸ் அடுப்பு?" இல்ல, விறகுதான். "செல்போன்?" இல்லன்னு சொல்லி வாய மூடல, அரிசிப் பானை பாடுது. எம்மவன் அந்த நேரம் பாத்து கூப்பிடுதான். மூணு பிள்ளையளும் பானையப் பாக்கு. "அது பக்கத்து வீட்டுப் போனு, இங்கன குடுத்து வச்சிருக்கா"ன்னேன். நஸ்ரின் தலைய ஆட்டிக்கிட்டே 'இல்லை'ன்னு டிக் போட்டுது. நல்ல பிள்ள.

"மிச்ச சாப்பாட்டை என்ன செய்வீங்க?"ன்னு கேட்டுது. மிச்சமே இருக்காதுன்னேன். 'உணவை வீணாக்குவதில்லை'ன்னு எழுதிக்கிட்டுது. அதுக்கு மூணு மார்க்காம். "வருசத்துக்கு எத்தன புது டிரஸ் எடுப்பீங்க?" தீவாளிக்கு ஒண்ணு, அதுவும் மவன் எடுத்துட்டு வந்தா. அதுக்கு நாலு. இல்லாததுக்கெல்லாம் மார்க்கு விழுது, எனக்கு அது தெரியல. ஏதோ சர்க்கார் கணக்கெடுப்பு, இல்லாதவியளுக்குக் குடுக்கப் போறாவன்னு நெனச்சு, இல்ல இல்லன்னு நான் பாட்டுக்குச் சொல்லிக்கிட்டு இருக்கேன். கடைசியில, "அம்மாடி, கரண்டு எப்பம்மா வரும்?"னு கேட்டேன். அந்தப் பிள்ள முழிச்சுது. "நாங்க அதுக்கு வரல ஆன்ட்டி, பூமி சூடாவுது, அதக் கொறைக்க வந்திருக்கோம்"னு சொல்லிச்சு.

பொய் சொன்னியா முப்பிடாதின்னு கேப்பீய. பொய்யா அது? இருக்கத இருக்குன்னு சொல்லல, அவ்வளவுதான். பொய்ன்னா இல்லாதத இருக்குன்னு சொல்லுததுலா?

ரெண்டு வாரம் கழிச்சு டீச்சர் வந்து சொல்லுதாவ, நூத்துக்குத் தொண்ணூத்தாறு மார்க்காம், மொத்த டவுனுலயும் சுத்து ஊருலயும் எங்க வீடுதான் மொதலாம். சுதந்திர தினத்தன்னைக்கு வேன் அனுப்பிக் கூட்டிட்டுப் போனாவ. மேடை, மைக்கு, சால்வை. சிறப்பு விருந்தினர்னு கோட்டுப் போட்ட ஒருத்தரு பேசுதாரு. "மின்சாரமே இல்லாமல் மகிழ்ச்சியாக வாழும் இந்தத் தாயிடம் நாம் பாடம் கற்க வேண்டும்"ங்காரு. அவருக்குப் பின்னாடி ஆளுயர ஃபேன் ஒண்ணு சுத்திக்கிட்டு இருக்கு மேடம். அந்தக் காத்து எம்மேலயும் கொஞ்சம் பட்டுது. நான் அவரு பேச்சக் கேக்கல, அந்தக் காத்துலதான் நின்னேன். ஆனா கை தட்டுனாவ பாருங்க, அது பிடிச்சிருந்துச்சு. எனக்குன்னு யாரு கை தட்டிருக்கா? அத இல்லன்னு சொல்ல மாட்டேன்.

அப்புறம் வாசல்ல போர்டு அடிச்சாவ, பாத்திருப்பீய, 'முன்மாதிரி பசுமை இல்லம்'. சனிக்கிழமையானா இருபது பிள்ளைய வரும், என்கிட்டப் படிக்க. நான் என்ன சொல்லிக்குடுக்கேன்? சாம்பல்ல பாத்திரம் தேய்க்கது, அரிசி கழுவுன தண்ணிய முருங்கைக்கு ஊத்துறது, கிழிஞ்ச சேலையில மெத்தை தைக்கது. அதெல்லாத்தையும் எழுதி எழுதி நோட்டு நெறஞ்சுட்டு அதுகளுக்கு. ஒரு பிள்ள கேக்கு, "குளிக்க எத்தன லிட்டர் செலவாகும் ஆன்ட்டி?"ன்னு. கால்வாய்ல குளிக்கவ லிட்டரக் கண்டாளா? போயி கால்வாயக் கேளுன்னேன். எல்லாம் சிரிச்சுதுக. நல்லாத்தான் இருந்துச்சு.

ஆனா சனிக்கிழம காலையில நான் படுற பாடு! கேஸ் அடுப்ப ஒளிக்கணும். வெளிய இருந்து விறகு கொண்டாரணும். விறகடுப்ப நான் விட்டு நாலு வருசம் ஆச்சு, இவியளுக்காக மறுபடி ஊதணும். புகை, கண்ணெரிச்சலு. நஸ்ரின் ஊது குழல வாங்கி ஒரு தடவ ஊதிப் பாத்துட்டு, இருமி இருமி, கண்ணாடியக் கழட்டிக் கண்ணத் தொடைச்சுது. "எப்படி ஆன்ட்டி தினமும் இதச் செய்யுதீங்க?"ன்னு கேட்டுது. பழக்கம்மான்னேன்.

அந்தப் பிள்ளைதான் பாடம் எடுக்கும். ஒரு பந்து கொண்டு வந்து, இதான் பூமி, இதச் சுத்திப் போர்வை மாதிரி புகை மூடிக்கிட்டு இருக்கு, ஒன்றரை டிகிரிக்கு மேல ஏறுனா ஆபத்துன்னு மத்தப் பிள்ளையளுக்குச் சொல்லும். நல்லாச் சொல்லும். நான் பீடி சுத்திக்கிட்டே கேப்பேன். அது சொல்லுதது நெசந்தான் மேடம், நான் மறுத்துப் பேசல. கால்வாய்ல முன்ன மாசியிலயும் தண்ணி ஓடும், இப்ப தைக்கே காஞ்சு போவுது. வெயில் வரவர வெறி பிடிச்சு அடிக்கி. ஆனா பூமியில மொதல்ல சூடானது எது? இந்தத் தகரம். ஏசி போட்ட வீட்டுக்காரங்க ஏத்துன சூடு எந்தலைமேலதான எறங்குது. அப்ப பாடம் யாருக்கு எடுக்கணும்?

இப்பதான் விசயத்துக்கு வாரேன். தை மாசம் எங்க கரைக்குப் பட்டா குடுத்தாவ. பத்து வருசமாப் பட்டா இல்ல, அதனால கரண்டு இல்லன்னு வெரட்டிக்கிட்டு இருந்தவுக, பட்டா வந்ததும் எழுதிக் குடுங்கன்னாவ. குடுத்தோம். மாசி மாசம் ஒரு செவ்வாக்கிழம, வயர்மேன் மீட்டரோட எங்க வாசல்ல வந்து நிக்கான். கையில புது மீட்டரு, வெள்ளப் பொட்டி. ஆணி அடிக்க எடம் பாக்கான். எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல.

அன்னைக்குன்னு பாத்து டீச்சர் போட்டோ எடுக்க வந்திருக்காவ. என்னத் தனியாக் கூப்பிட்டு, கையப் பிடிச்சுக்கிட்டு, "மாநிலப் போட்டிக்கு நம்ம வீட்டத்தான் அனுப்பியிருக்கோம். மின்சாரம் இல்லாத வீடுன்னு எழுதியிருக்கு. நடுவர் வந்து பாத்துட்டுப் போற வரைக்கும், ஒரே ஒரு மாசம், பொறுத்துக்கோங்க. செயிச்சா நஸ்ரினையும் இன்னும் ரெண்டு பிள்ளையளையும் டெல்லிக்குக் கூட்டிட்டுப் போவாவ. உங்களையும் கூட்டிட்டுப் போவோம்"னு சொன்னாவ.

நான் சரின்னுட்டேன். பிள்ளையளோட மூஞ்சிக்காகச் சொன்னேன். டெல்லிக்காக இல்ல. மேடைக்காகவும் இல்ல. வயர்மேன், "அப்ப இப்பத்திக்கு வேண்டாம்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க"ன்னான். டீச்சர் எழுதுனாவ, நான் போட்டேன். ஆமா, நாந்தான் போட்டேன். படிச்சவுக போடச் சொன்னா போடுறதுதான? இதுல என் தப்பு எங்க இருக்கு? எல்லாரும் இதையே கேக்காவ. கீழ்வீட்டுக்காரி கேக்கா, எம்மவன் போன்ல கேக்கான், "ஒனக்குப் புத்தி எங்கம்மா போச்சு?"ன்னு. ரெண்டு ஃபேனுக்கு அடியில படுத்துக்கிட்டுக் கேக்கான்.

மறுவாரம் ஈ.பி. ஆபீசுக்குப் போயி கேட்டா, அந்த மீட்டரு வேற வீட்டுக்குப் போயிட்டாம். இனி அடுத்த லிஸ்டாம். எப்பன்னு கேட்டா தெரியாதாம். அங்க இருந்த ஆளு என்னப் பாத்து, "நீங்கதான கரண்டே வேண்டாம்னு பரிசு வாங்குனவுக, பேப்பர்ல போட்டோ பாத்தேனே"ன்னு சிரிக்கான். வேண்டாம்னு நான் எப்பச் சொன்னேன்? இல்லன்னுதான சொன்னேன். ரெண்டும் ஒண்ணா மேடம்? நீங்க படிச்சவுக, சொல்லுங்க. இல்லங்கதும் வேண்டாம்ங்கதும் ஒண்ணா?

அன்னைக்கு வீட்டுக்கு வந்து, இந்த வெயில்ல, இதே பாய்ல உக்காந்து அழுதேன். வெக்கப்படல, அழுதேன்.

எதுக்கு ஒனக்குக் கரண்டுன்னு டீச்சர் ஒரு தடவ கேட்டாவ. "வீட்டுல படிக்கிற பிள்ள இருக்கா?"ன்னு. இல்ல. "சுகமில்லாதவுக இருக்காவளா?" இல்ல. "பீடி வேலைக்கு வெளிச்சமா?" அதுக்கும் இல்ல. எனக்குத்தான் வேணும். எனக்கு ஒரு ஃபேன் வேணும். பீடி சுத்தும்போது ஃபேன் போட முடியாது, தூளு பறந்துரும், அது எனக்கும் தெரியும். வேலை நேரத்துல நான் கேக்கல. மத்தியானம் சாப்பிட்டுட்டு, சேலைய ஒதறி விட்டுட்டு, மல்லாக்கப் படுத்து, அது சுத்துறதப் பாத்துக்கிட்டுக் கிடக்கணும். சும்மா கிடக்கணும். சும்மா கிடக்கதுக்கு ஃபேன் கேக்காளேன்னு நெனச்சா நெனச்சுக்கிடுங்க. நெனைக்கவங்க எல்லாரும் அப்படித்தான் கிடக்காவ.

போன சனிக்கிழம நடந்ததையும் சொல்லிருதேன். பிள்ளைய எல்லாம் முருங்கை பாக்கப் போயிட்டு, நஸ்ரின் மட்டும் உள்ள வந்து தொப்பியக் காணோம்னு தேடுச்சு. கட்டிலுக்கு அடியில குனிஞ்சுது. சேலை வெலகிட்டு. சிலிண்டரு பல்ல இளிக்கி.

அந்தப் பிள்ள நிமுந்து என்னப் பாத்துது. நான் சண்டைக்குத் தயாரா நிக்கேன். அது என்ன கேட்டுது தெரியுமா? "ஆன்ட்டி, அப்ப ஏன் விறகுன்னு சொன்னீங்க? விறகுக்கு நாலு மார்க்கு கொறைச்சிருக்கோமே. கேஸ்னு சொல்லிருந்தா நூத்துக்கு நூறு"ங்கு! ஏழு மாசமா சனிக்கிழம தோறும் நான் புகையில செத்தது, மார்க்கு கொறைக்கதுக்குத்தானா?

அப்புறம் அது மூஞ்சி மாறிட்டு. "போனும் உங்களுதுதானா?" ஆமா. "அப்ப நான் எழுதுனது எல்லாம் தப்பு. ரிப்போர்ட்டத் திருத்தணும்"னு சொல்லிச்சு. டீச்சர்கிட்டயும் போயி சொல்லியிருக்கு, டீச்சர் பேசாம இருன்னுட்டாவளாம். திரும்பி வந்து என்கிட்ட, "நீங்களே நடுவர்கிட்ட உண்மையச் சொல்லிருங்க ஆன்ட்டி"ங்கு. எனக்கு வந்துச்சே கோவம்! நண்டு மாதிரி இருந்துக்கிட்டு எனக்குப் புத்தி சொல்லுது.

"ஒங்க வீட்டுல எத்தன ஃபேனுட்டீ?"ன்னு கேட்டேன். ஏழுங்கு. "ஏசி?" ரெண்டுங்கு. "ஒங்க வீட்டுக்கு எத்தன மார்க்கு?" தலையக் குனிஞ்சுக்கிட்டு, "இருபத்தி ஒண்ணு"ன்னுது. மொதல்ல அவங்க வீட்டுக்குத்தான் மார்க்கு போட்டுச்சாம், அவ வாப்பா பேப்பரக் கிழிச்சுப் போட்டாராம். இது மறுபடி எழுதிச்சாம். "நான் என் ரூம்ல ஏசிய நிறுத்திட்டேன் ஆன்ட்டி, ரெண்டு மாசம் ஆச்சு"ன்னு பெருமையாச் சொல்லுது. "நீ நிறுத்திட்ட. நிறுத்துறதுக்கு ஒனக்கு சுவிச்சு இருக்கு. எனக்கு நிறுத்துறதுக்கு என்னட்டீ இருக்கு? எனக்கும் மொதல்ல ஒண்ணு இருக்கட்டும். அப்புறம் நான் நிறுத்துறதா வேண்டாமான்னு பாக்கேன்"னேன். சத்தமாத்தான் சொன்னேன். வெளிய பிள்ளையளுக்கெல்லாம் கேட்டுருக்கும்.

அது சேலைய இழுத்து சிலிண்டர மூடிட்டு வெளிய போயிட்டு. அழுதிருக்கும். டெல்லி கைய விட்டுப் போவுதேன்னு அழுதிருக்கும், வேற என்ன?

இப்ப நான் ஒங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லுததுக்குக் காரணம் அது சொன்னது இல்ல, கேட்டுக்கிடுங்க. நானா முடிவு பண்ணுனேன். அந்தக் குட்டி சொல்லி நான் கேக்கணுமா? ஒங்களுக்குத் தெரியணும், சொல்லுதேன். பாருங்க, கட்டிலுக்கு அடியில இன்னைக்கு ஒண்ணுமில்ல. அடுப்பு மேடையிலதான் இருக்கு, சிலிண்டரு அங்கன நிக்கி. போனு இந்தா, மடியில. டீக்கடையில சார்ஜு போட்டுட்டு வந்தேன்.

வேன் சத்தம் கேக்கு. வந்துட்டாவ.

வாங்க டீச்சர், குனிஞ்சு வாங்க. ஆமா, பேசிக்கிட்டுத்தான் இருக்கேன். இல்ல, அந்த நாலு வாக்கியம் இல்ல. சைகை காட்டாதீங்க டீச்சர், மேடம் பாத்துட்டாவ. எல்லாம் சொல்லியாச்சு. பரிசு போனா போவட்டும். மீட்டரு போவும்போது நான் பொறுத்துக்கிட்டேம்லா, நீங்களும் ஒரு மாசம் பொறுத்துக்கோங்க.

ஏட்டி நஸ்ரின், அங்கன ஏன் நிக்க? உள்ள வா. நான் சொல்லிட்டேன், ஒனக்காக இல்ல. என்னட்டீ சிரிக்கே? டெல்லி போச்சுன்னு அழுவன்னுலா நெனச்சேன். கிறுக்குப் பிள்ள.

மேடம், பேனாவ மூடாதீங்க. இன்னும் ஒண்ணு பாக்கி. ஒங்க பேப்பர்ல 'ஃபேன் இருக்கா?'ன்னு இருக்குலா, அந்தக் கேள்விய எங்கிட்ட ஒரு தடவ கேளுங்க, ஒங்க வாயால. நாலு பேரு முன்னால கேளுங்க.

இல்ல. வேணும்.

ரெண்டையும் எழுதுங்க. கட்டம் ஒண்ணுதான் இருக்கா? அப்ப ஓரத்துல எழுதுங்க. எழுத்துக்கூட்டி வாசிக்க எனக்குத் தெரியும், பெருசா எழுதுங்க.